ஹெர்மீஸ் கப்பல் இப்போதைக்கு வேண்டாம்

வணக்கம். புதுச்சேரியில் நான்கு நாள் ஓப்பன் வாட்டர் என்னும் தொடக்கநிலை முக்குளிப்புப் பயிற்சியை முடித்த கையோடு மட்டக்களப்பு சென்று கடலடியில் கிடக்கும் ஹெர்மீஸ் கப்பலைப் பார்க்கலாமா என்று காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பதே என் பதில்.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. உங்கள் சான்றிதழ் அனுமதிப்பதோ 18 மீட்டர்தான், பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40 மீட்டர். ஹெர்மீஸ் கிடக்கும் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் ஆறு மடங்காகிவிடுவதால் சிலிண்டரிலுள்ள காற்றும் ஆறு மடங்கு விரைவாகத் தீரும். நைட்ரஜன் தரும் மயக்கத்திலோ, அளவுமானியைக் கண் பார்த்தாலும் எண் மனத்தில் பதியாது.

அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீட்டர் ஆழத்தில்தான் உள்ளது. 30 மீட்டர் வரை அனுமதிக்கும் அட்வான்ஸ்டு பயிற்சியை முடித்துவிட்டு, பயிற்றுநருடன் அதை வெளியிலிருந்து மட்டும் சுற்றிப் பாருங்கள். உள்ளே நுழைவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து திரும்பிய அன்றே ஏலகிரிக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதையும் தள்ளிவையுங்கள். முக்குளித்தபோது உடலில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழாகிவிடலாம் என்பதால்தான் விமானத்தில் ஏறுவதற்கு முன் 18 மணிநேரமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள்; அந்தக் காரணம் சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கும் பொருந்தும். வேலூர் வரும் சாலை சமவெளியிலேயே செல்வதால் வீட்டுக்கு வரத் தடையில்லை.