தலைப்பிரசவமும் ஐரோப்பியச் சுற்றுலாவும்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். நவம்பர் 15 பிரசவத் தேதி. "ஆகஸ்ட் 20 வாக்குல அப்பாவும் நீயும் வாங்கம்மா, பாரிஸ், சுவிஸ் பார்த்துட்டு, குழந்தையையும் பார்த்துட்டே கிளம்பலாம்" என்கிறாள். சரிப்படுமா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: சரிப்படாது. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்கலாம். இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். ஆகஸ்ட் 20-ல் இறங்கினால் நவம்பர் 17 கடைசி நாள். தலைப்பிரசவம் ஒரு வாரம் தள்ளிப்போவது சாதாரணம். மகளுக்கு வலி எடுக்கும் நேரத்தில் நீங்கள் காட்பாடிக்குத் திரும்பியிருப்பீர்கள்.

இரண்டு பயணமாகப் பிரியுங்கள். ஜூலை 1 முதல் 16 வரை சுற்றிப் பாருங்கள். அப்போது மகளுக்கு 20 வாரம் தாண்டியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு மசக்கை அடங்கி, வயிறும் பாரமாகாத காலம். பிறகு நவம்பர் 1-ல், 38 வாரம் முடியும்போது, மறுபடி போங்கள். ஜூலையில் 16 நாள் போனதால் மீதி 74 நாள்தானே என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கணக்கு ஒவ்வொரு நாளும் பின்னோக்கி 180 நாளைப் பார்க்கிறது. டிசம்பர் 27 அன்று ஜூலையின் 16-ம் நவம்பர் 1 முதல் தங்கிய 57-ம் சேர்ந்து 73. டிசம்பர் 28 முதல் ஜூலை நாட்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். ஆக, ஜனவரி 29 வரை முழு 90 நாளும் உங்களுக்கு உண்டு. குழந்தைக்கு இரண்டு மாதம் தாண்டிய பிறகு நிம்மதியாகத் திரும்பலாம்.

இதற்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும். இரண்டு பயணத் தேதியையும் கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு ஒருமுறை நுழைவு மட்டும் கிடைப்பது உண்டு. அப்படியானால் இரண்டாவது பயணத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆளுக்கு 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. விசாவுக்கு ஒருமுறை கொடுத்த கைரேகை 59 மாதம் வரை செல்லும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடைப் பயணத்துக்குச் சென்னையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம் என்பதால் மார்ச்சிலேயே தொடங்குங்கள். ஆளுக்கு 30,000 யூரோ வரை செலவை ஏற்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வந்ததும் அதில் அச்சிட்டிருக்கும் "தங்கும் நாட்கள்" எண்ணைப் பாருங்கள். விசா முடியும் தேதி தள்ளியிருந்தாலும் அந்த எண்ணைத் தாண்டித் தங்கக்கூடாது.

நம்மவர்கள் சிக்குவது இனிஷியலில். மகளின் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் என்றிருந்தால், அவள் உங்கள் மகள்தான் என்று விளக்கும் ஆவணத்தை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

கேள்வி: ஐந்து மாத கர்ப்பிணி மருமகளையும் அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் பனிமலைக்குப் போகலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: மருமகளை அழைத்துப் போக வேண்டாம். அந்த ரயில் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது. பழக்கமில்லாத கர்ப்பிணிகள் 2,500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டாம் என்பதே பொதுவான ஆலோசனை. அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. உங்களுக்கு ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் நீங்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டே ஏறுங்கள். எல்லோரும் சேர்ந்து போக ரிகி மலை நல்லது. உச்சி 1,798 மீட்டர், நம் ஏலகிரியைவிட ஏறக்குறைய 700 மீட்டர்தான் அதிகம். லுசர்னில் படகு ஏறி ஃபிட்ஸ்னாவில் இறங்கினால், 1871 முதல் ஓடும் பல்சக்கர ரயில் உச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். கடைசியில் கொஞ்ச தூரம்தான் நடை.

சுவிஸ் போகுமுன் மருமகளின் காப்பீட்டைப் பாருங்கள். அவர் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வசிப்பவரானாலும், அந்த நாடுகளில் செல்லும் சுகாதார அட்டையை இந்தியக் குடிமக்கள் சுவிட்சர்லாந்திலும் டென்மார்க்கிலும் பயன்படுத்த முடியாது. கர்ப்பகால அவசரத்தையும் ஏற்கும் பயணக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். பரிசோதனை விவரம் உள்ள கர்ப்பகாலப் பதிவேடு எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். அவசர எண் 112.

பாரிஸில் மெட்ரோவை நம்பாதீர்கள். பழைய நிலையங்களில் படிகள் ஏராளம், லிஃப்ட் அரிது. பஸ் நல்லது. லூவர் அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடியிருக்கும், வெர்சாய் அரண்மனை திங்களன்று. ஒரே ஊரில் நான்கு இரவு தங்கி, பகலில் ஓரிடம் மட்டும் பாருங்கள். கழிப்பறைக்கு 50 சென்ட், 1 யூரோ நாணயங்கள் தயாராக இருக்கட்டும். கர்ப்பிணிக்கு இது சின்ன விஷயமில்லை. காய்ச்சாத பாலில் செய்த சீஸ், வேகாத இறைச்சி வேண்டாம். லிஸ்டீரியா கிருமி குழந்தையைப் பாதிக்கும்.

கேள்வி: மகளுக்கு மக்கன் பேடா, பிள்ளை பெற்ற மருந்து, கருவாடு எடுத்துப் போகலாமா?
– வாசகி, ஆற்காடு

பதில்: மக்கன் பேடாவில் கோவா இருப்பதால் முடியாது. பால் பொருளும் இறைச்சியும் வெளிநாட்டுப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. நெய்யும் அதில் சேரும். மருந்தை லேகியமாகக் கிளறாமல் சுக்கு, திப்பிலிப் பொடியாகக் கட்டுங்கள். அங்கே வெண்ணெய் வாங்கி உருக்கிச் சேர்க்கலாம், டாக்டரிடம் காட்டிய பிறகு. கறிவேப்பிலைக்கும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கும் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள், விட்டுவிடுங்கள். தேங்காய்க்கு அது தேவையில்லை. கருவாடு தாராளமாகப் போகலாம், பால்சுறா மட்டும் வேண்டாம்; அதற்குச் சர்வதேச வனவிலங்கு வணிகக் கட்டுப்பாடு உண்டு. மீன் பொருளுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. நன்றாகக் காயவைத்து, காற்றுப்புகாத இரட்டைக் கவரில் ஒட்டி, பெரிய பெட்டியில் வையுங்கள்.