எல்லாப் பந்தும் ஃபுல்டாஸ்தானே?

கேள்வி: நாங்கள் ஓஹாயோ மாநிலம் கொலம்பஸில் இருக்கிறோம். என் 11 வயது மகன் லிட்டில் லீகில் பேஸ்பால் ஆடுகிறான். போன சனிக்கிழமை மூன்று தடவை பேட்டிங் வந்தது, மூன்றிலும் ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தைச் சரியாக அடிக்காமலே அவுட். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அழுதான். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், "எல்லாப் பந்தும் ஃபுல்டாஸ். அதையே அடிக்க முடியலைன்னா இது என்ன விளையாட்டு?" என்கிறார். கணவரோ அடுத்த சீசன் வேண்டாம், கணக்கு வகுப்பில் சேர்க்கலாம் என்கிறார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பாதி நேரம் பிள்ளைகள் புல்வெளியில் சும்மா நிற்கிறார்கள். ஆனாலும் கிளவுஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இவன் தூங்குகிறான். நிறுத்திவிடலாமா? இந்த ஊர்க்காரர்கள் இதில் அப்படி என்னதான் காண்கிறார்கள்?
- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். இந்த வாரம் கண்டிப்பாக வேண்டாம். மூன்று ஸ்ட்ரைக் அவுட் ஆன கையோடு நிறுத்தினால், சரியாக ஆடாததற்குக் கிடைத்த தண்டனை என்றுதான் பையன் எடுத்துக்கொள்வான்.

முதலில் மாமனாரைக் கவனிப்போம். ஃபுல்டாஸ் என்பது வாஸ்தவம்தான். ஆனால் மட்டை உருண்டை. பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் பிட்சர் (பந்தை எறிபவர்) நிற்பது 60 அடி 6 அங்குலத் தூரத்தில். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் பந்து வந்து சேர அரை வினாடிகூட ஆகாது. காற்றிலேயே வளையும், கடைசி நேரத்தில் கீழே இறங்கும். அதை முன்னால் உள்ள கால்வட்டத்துக்குள்தான் அடிக்க வேண்டும். லேட் கட், லெக் கிளான்ஸ் எல்லாம் அங்கே செல்லாக்காசு. இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

உங்கள் பையனின் அழுகைக்கு வருகிறேன். கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் ஒரு தப்பு செய்தால் பெரும்பாலும் அன்றைய கதை முடிந்தது. பேஸ்பாலில் அவுட் ஆனவர் டக்அவுட்டில் போய் உட்காருவார் (ஐபிஎல் புண்ணியத்தில் இந்த வார்த்தை மாமனாருக்கும் தெரிந்திருக்கும்), சூரியகாந்தி விதை கொறிப்பார், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மட்டையோடு வந்து நிற்பார். ஒரு ஆட்டத்தில் நாலு தடவை. மேஜர் லீகில் ஆறு மாதத்துக்குள் 162 ஆட்டம், ஏறக்குறைய தினமும். பத்துக்கு மூன்று தடவை ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஓடிச் சேர்வது) அடித்தாலே நல்ல பேட்டர் என்று கணக்கு. 1941-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் .406 அடித்தார், ஆயிரத்துக்கு 406. மேஜர் லீகின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் அதற்குப் பிறகு யாரும் ஒரு சீசனில் 400-ஐத் தொடவில்லை. அவ்வளவு பெரிய ஆளுக்கே பாதிக்கு மேல் ஹிட் கிடைக்கவில்லை. அதாவது இந்த விளையாட்டில் தோல்வி சின்னது, ஆனால் அடிக்கடி வரும். ஆட்டக்காரர்களுக்கு இதுதான் முதல் பாடம். உங்கள் பையன் இப்போதுதான் அந்த வகுப்புக்குள் காலை வைத்திருக்கிறான்.

மைதானத்து ஸ்கோர்போர்டைக் கவனித்திருக்கிறீர்களா? ரன், ஹிட், அதற்குப் பக்கத்திலேயே எர்ரர் என்று மூன்றாவதாக ஒரு கட்டம். பிடிக்க வேண்டியதைக் கோட்டைவிட்டால் ஊரே பார்க்க அங்கே ஏறும். நம் கிரிக்கெட்டில் விட்ட கேட்சுக்குத் திட்டு உண்டு, ஸ்கோர்போர்டில் கட்டம் கிடையாது.

இதில் ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 2010 ஜூன் 2, டெட்ராய்ட். எதிரணி உங்கள் ஓஹாயோவின் கிளீவ்லேண்ட். டெட்ராய்ட் பிட்சர் அர்மாண்டோ கலராகா, வெனிசுலாக்காரர், 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கிவிட்டார். ஒருவர்கூட ஃபர்ஸ்ட் பேஸை, அதாவது பேட்டர் முதலில் ஓடி எட்ட வேண்டிய இடத்தை, எட்டவில்லை. 27-வது ஆளும் போனால் அது பெர்ஃபெக்ட் கேம். நூறு வருஷத்துக்கும் மேலான மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை 20 தடவைதான் நடந்திருந்தது. 27-வது ஆள் தரையோடு அடித்தார். ஃபர்ஸ்ட் பேஸ்மேன் எடுத்து வீச, ஓடி வந்த கலராகா பந்தைப் பிடித்து பேஸை மிதித்தார். ஒரு எட்டு முன்னாடியே அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கையையும் விரித்து 'சேஃப்', அதாவது அவுட் இல்லை, என்றார். அப்போது அந்த முடிவை ரீப்ளே பார்த்து மாற்ற வழியில்லை. கலராகா சத்தம் போடவில்லை. லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போய் அடுத்த ஆளை அவுட் ஆக்கினார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் உடைந்துபோனார். தப்பு தன்னுடையதுதான் என்று வெளிப்படையாகவே சொன்னார். மறுநாளும் அதே இரண்டு அணிகள், அதே ஜாய்ஸ், இம்முறை ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடம்) பின்னால். டெட்ராய்ட் அணியின் ஆட்டக்காரர் பட்டியலை அவரிடம் கொடுக்க வந்தவர் கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கினார். அந்த முடிவு இன்றுவரை மாற்றப்படவில்லை. அமெரிக்கர்கள் பேஸ்பாலைப் பற்றிப் பெருமை பேசும்போது நான் நம்பும் கதை இது.

மற்றபடி அவர்கள் பேசும் பெருமையை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. தேசிய விளையாட்டு என்று மார்தட்டிக்கொண்டே பல பத்தாண்டுகள் கறுப்பின ஆட்டக்காரர்களை மேஜர் லீகுக்கு வெளியே நிறுத்தினார்கள். ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக இறங்கியபோதுதான் அந்தச் சுவர் உடைந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னால், 35 வயதில், ஜாஷ் கிப்சன் இறந்துபோனார். கறுப்பினத்தவருக்கான நீக்ரோ லீகின் மாபெரும் பேட்டர். மேஜர் லீகில் ஒரு பந்துகூட ஆடவிடவில்லை. அந்த லீக் கணக்குகளை 2024-ல் மேஜர் லீக் தன் கணக்கோடு சேர்த்தபோது, ஆயுள் பேட்டிங் சராசரியில் .372 எடுத்து முதலிடத்தில் நிற்பது அவர்தான். இப்போது ஒவ்வொரு ஏப்ரல் 15 அன்றும் எல்லா ஆட்டக்காரர்களும் ராபின்சனின் 42-ம் எண் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். பையனிடம் கேளுங்கள், தெரிந்திருக்கும்.

இன்னொன்று, இன்றைக்கு அங்கே டிவியில் அதிகம் பேர் பார்ப்பது அமெரிக்கன் ஃபுட்பால். பேஸ்பாலுக்கு மிச்சமிருப்பது வேறு ஒரு பிடிப்பு, குடும்பச் சொத்து மாதிரி. சிகாகோ கப்ஸ் அணி 1908-க்குப் பிறகு 108 வருஷம் மேஜர் லீக் சாம்பியன் கோப்பையைப் பார்க்கவில்லை. 2016-ல் ஜெயிக்கும்போது, ரிக்லி ஃபீல்ட் மைதானத்தின் செங்கல் சுவரில் ஜனங்கள் சாக்பீஸால் பெயர் எழுதினார்கள். பார்க்கக் கொடுத்துவைக்காமல் போய்ச் சேர்ந்த அப்பா, தாத்தா பெயர்கள். அந்த இறுதிச் சுற்றில் தோற்றது கிளீவ்லேண்ட், 1948-க்குப் பிறகு இன்னும் காத்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் இந்தப் பேச்சை எடுத்தால் சீக்கிரம் வீடு திரும்ப முடியாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஆட்டம் முடிந்து காரில் வரும்போது ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். கணவரும் வேண்டாம், மாமனார் கட்டாயம் வேண்டாம். பசிக்குதா என்று கேட்டால் போதும். அவனாகப் பேசினால் காதுகொடுங்கள்.

கணக்கு வகுப்புக்கும் பேஸ்பாலுக்கும் சண்டை எதற்கு? நவம்பர் முதல் மார்ச் வரை உங்கள் ஊர்க் குளிரில் மைதானத்தில் ஆட முடியாது, அப்போது சேர்த்துவிடுங்கள். 27-க்கு 8 ஹிட் என்றால் சராசரி என்ன என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள்; .296 என்று கணவர் போனை எடுப்பதற்குள் சொன்னாலும் சொல்வான்.

பயிற்சியாளர் பிள்ளைகளைக் கத்தி விரட்டுகிறார் என்றாலோ, ஊர் ஊராகப் போகும் அணியில் பெரும் பணம் கட்டச் சொன்னாலோ, கணவர் பக்கம் சாயலாம். பையனே மூன்று நான்கு வாரம் கழித்தும் போதும் என்றால் விட்டுவிடுங்கள். அழுகையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பிடிக்காத விளையாட்டுக்காக எந்தப் பிள்ளை சாப்பாட்டைத் தள்ளிவைத்து அழும்?

அப்புறம், மாமனார் ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு நாள் மாலை எல்லோரும் ஹன்டிங்டன் பார்க்குக்குப் போங்கள். அங்கே ஆடும் கொலம்பஸ் கிளிப்பர்ஸ், மேஜர் லீகுக்கு ஒரே ஒரு படி கீழே உள்ள அணி. நேற்று வரை மேலே ஆடியவர், நாளைக்கு மேலே போகப்போகிறவர், எட்டு வருஷமாக அந்த ஒரு போன் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பவர் எல்லாரும் ஒரே டக்அவுட்டில் இருப்பார்கள். மைனர் லீக் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு அந்த அழைப்பு வருவதே இல்லை. ஆனாலும் மறுநாள் வந்து ஆடுகிறார்கள். ஒரு ஸ்கோர்கார்டும் பென்சிலும் வாங்கி, தாத்தாவுக்குக் குறிக்கக் கற்றுக்கொடு என்று பையனிடம் விட்டுவிடுங்கள். ஸ்ட்ரைக் அவுட்டை எப்படிக் குறிப்பது என்பதை அவனே சொல்லிக்கொடுக்கட்டும்.

ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மைதானமே எழுந்து நின்று பாடும். மாமனாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தேசிய கீதம் ஆட்டத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்கும். இதுவும் அதுதான் என்று நினைத்து மனிதர் விறைப்பாக நின்றுவிடப் போகிறார்.