இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தலில் வென்ற அநுர குமார திசாநாயக்க முன்வைத்த உள்நாட்டுக் கொள்கைகள் என்ன? வன்னியில் இருப்பவர்கள் அவற்றை எப்படிப் பார்த்தீர்கள்?

நான் வடக்கில், வன்னியின் முல்லைத்தீவு மாவட்டம், ஒட்டுசுட்டான் பக்கம். வீட்டில் எல்லோருக்கும் கமம்தான் தொழில். எந்தக் கட்சியிலும் நான் இல்லை. அந்தத் தேர்தல் நேரம் அவருடைய விஞ்ஞாபனத்தைத் தமிழில் இருந்து வாசித்தேன், ஊரில் கேட்டவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

‘வளமான நாடு – அழகான வாழ்க்கை’ என்ற பெயரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி அதை 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. பெரிய வாக்குறுதிகள் இவை: நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழித்துப் புதிய அரசியலமைப்பு கொண்டுவருவது, அதற்கு 2015 முதல் 2019 வரை நடந்த வேலையைத் தொடர்வது, ஒரு வருடத்துக்குள் மாகாண சபை, உள்ளூராட்சித் தேர்தல்களை வைப்பது, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவது. பொருளாதாரப் பக்கம், சர்வதேச நாணய நிதியத்தோடு திரும்பப் பேசுவது, சம்பள வரி விலக்கின் எல்லையை மாதம் 1 இலட்சத்திலிருந்து 2 இலட்சமாக உயர்த்துவது, அத்தியாவசிய உணவுக்கும் சுகாதார, கல்விச் சேவைகளுக்கும் வாட் வரியை நீக்குவது, கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் ஒதுக்குவது. இவற்றோடு ஊழல் ஒழிப்பு. தெற்கில் அவரை வெல்லவைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு வேட்பாளர் சொல்வதை நான் வேறு மாதிரிப் பிரித்துப் பார்ப்பேன். இதை அவர் தன் கையொப்பத்தால் செய்யலாமா, பாராளுமன்றத்தில் சாதாரண பெரும்பான்மை வேண்டுமா, மூன்றில் இரண்டு வேண்டுமா, அல்லது காசுக்காக வெளியே யாருடைய சம்மதமாவது வேண்டுமா? இப்படிப் பார்த்தால் மேடையில் பெரிதாகத் தெரிந்தது சிறிதாகிவிடும். விஞ்ஞாபனத்தின் உள்ளே எங்கோ கிடக்கும் ஒரு வரி எங்கள் வாழ்க்கையைத் தொடுவதாக இருக்கும். வன்னியில் அப்படியான விஷயம் காணி.

அந்த செப்டம்பரில், மழைக்கால நெல் போகமான காலபோகத்துக்கு முன்னம், எங்கள் கமக்காரர் அமைப்பின் கட்டடத்தில் கொஞ்சப் பேர் கூடியிருந்தபோது போனைப் பார்த்து ஒவ்வொரு தலைப்பாக வாசித்தேன். சொந்தத்தில் எனக்குப் பெரியம்மா முறையான ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, உதில எங்கட பெர்மிட் காணியைப் பற்றி ஏதும் கிடக்கோ?” என்று கேட்டார். அவருடைய இரண்டு ஏக்கர் வயலுக்கும் பெர்மிட் கணவரின் பெயரில். கணவர் போர் முடிந்த 2009 இல் காணாமற்போனவர். மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுகம் என்று பலர் சொன்னார்கள். எடுக்கமாட்டேன் என்று நிற்கிறார். அவர் செத்துப்போனார் என்று நான் எப்படிக் கையெழுத்து வைப்பேன் என்பது அவருடைய கேள்வி. அப்படியானவர்களுக்காக 2016 இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆனால் பெர்மிட் பெயர் மாறி, கடன் எடுக்கக்கூடிய நிலைக்கு வருவது அந்தத் தாளோடு முடிகிற விஷயமாக அவருக்கு இருக்கவில்லை.

பெர்மிட் காணி என்றால் என்னவென்று வெளியிடத்தில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு குடியேற்றவாசிகளுக்குக் கொடுத்த காணி அது. அங்கே இருக்கலாம், உழலாம், பிள்ளைக்கு விடலாம். நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. வாரிசைப் பதியாமல் ஒருவர் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்றிருந்த விதியைக்கூட 2022 இல்தான் மாற்றினார்கள். அடுத்த படி ‘அளிப்பு’. அது ஜனாதிபதியின் கையொப்பத்தோடு வரும். முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் வாழ்கிறவர்களுக்கு ஜனாதிபதி யார் என்பது இந்தத் தாளில்தான் நேரடியாகத் தெரிகிறது. அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க 2024 பெப்ரவரியில் ‘உறுமய’ என்ற திட்டத்தைத் தொடங்கி 20 இலட்சம் குடும்பங்களுக்கு முழு உரித்து என்று அறிவித்தபோது இங்கே அவருக்குக் கொஞ்சம் ஆதரவு வந்ததும் அதனால்தான். இன்னொரு வேட்பாளரான சஜித் பிரேமதாசவை எங்கள் சனத்துக்கு முன்னாள் வீடமைப்பு அமைச்சராகத் தெரியும். அவர் தொடங்கிய மாதிரிக் கிராமங்களில் 2019 க்குப் பிறகு காசு நின்று பாதியில் கிடந்த வீடுகள் இருந்தாலும், வீடு தரப் பார்த்த மனிதர் என்ற எண்ணம் மாறவில்லை.

அநுரவின் பக்கம் காணி பற்றிய பேச்சு ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகுதான் தெளிவாக வந்தது. 2024 நவம்பரில், பாராளுமன்றத் தேர்தலுக்கு முன் யாழ்ப்பாணத்தில் பேசும்போது, படையினரிடம் உள்ள மக்களின் காணிகள் விடப்படும் என்றார். எங்கள் பக்கம் கேப்பாப்புலவு மக்கள் அதற்காக 2017 இலிருந்து போராடியவர்கள். ஒரு பகுதி கிடைத்தது, மிச்சம் கிடைக்கவில்லை. இது பாராளுமன்றத்தில் இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு, பிறகு நீதிமன்றம் என்று அலைய வேண்டிய விஷயமே இல்லை. பாதுகாப்பு அமைச்சும் ஜனாதிபதியின் கையில்தான் இருக்கிறது.

அதற்குள் 2025 மார்ச் 28 ஆம் திகதி ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் நான்கு மாவட்டங்களில் 5,940 ஏக்கர் அளவு காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. முல்லைத்தீவும் அதில் இருந்தது. வன்னியில் 2009 இல் காணி உறுதியையும் பெர்மிட்டையும் பையோடு தொலைத்தவர்கள் எத்தனை பேர்! உரிமைக்காரரில் பாதிப் பேர் கனடாவிலும் இந்தியாவிலும் இருக்கும் குடும்பங்கள் எத்தனை! மூன்று மாதம் அவர்களுக்கு எந்த மூலைக்கு? எதிர்ப்பு வந்த பிறகு அதைத் திரும்ப எடுத்தார்கள், அது நல்லது. ஆனால் நல்ல எண்ணத்தோடு வரும் அரசாங்கம்கூட கொழும்பில் இருந்து வரைபடத்தைப் பார்த்து முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இதற்குத்தான் மாகாண சபைகளைக் கொண்டுவந்த, அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் பின்னிணைப்பில் தேசிய காணி ஆணைக்குழு என்று ஒன்றை எழுதிவைத்தார்கள். மாகாணங்களின் பிரதிநிதிகளும் இருந்து அரச காணியின் பயன்பாட்டுக்குக் கொள்கை வகுக்க வேண்டும் என்று. 1987 இலிருந்து இன்றுவரை அதை ஒருவரும் அமைக்கவில்லை. ‘13 முழுமையாக’ என்று சஜித் சொன்னபோதும், ‘பொலிஸ் அதிகாரம் இல்லாமல் மற்றவை’ என்று ரணில் சொன்னபோதும், இந்த ஆணைக்குழுவைப் பற்றி யாராவது கேட்டார்களா? எங்கள் தலைவர்களும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

அடுத்தது நெல். 2021 இல் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரே அறிவிப்பில் இரசாயன உரத்தைத் தடைசெய்தது எங்கள் வயலில் என்ன செய்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் போகம் பயிர் மஞ்சளாக நின்றது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. அதனால் விவசாயம் பற்றி ஒரு வேட்பாளர் சொல்வதை இங்கே காது கொடுத்துக் கேட்பார்கள். அநுர பதவிக்கு வந்ததும் நெல்லுக்கான உர மானியத்தை ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயிலிருந்து 25,000 ஆக்கினார். ஏக்கருக்கு 10,000 அளவு வரும். அது உதவிதான். 2025 பெப்ரவரியில் நாட்டரிசி நெல்லுக்கு கிலோ 120 ரூபாய் என்று உத்தரவாத விலையும் அறிவித்தார்கள். ஆனால் அரசு வாங்கும் நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மெஷின் வெட்டி இறக்கும் நெல் பச்சையாக இருக்கும். அதைக் காயவிடக் களம் இல்லாதவர்கள் தார் ரோட்டோரம் படங்கு விரித்துக் கொட்டுவார்கள். இரவில் மழை இருட்டினால் குடும்பமே ஓடிப்போய் அள்ள வேண்டும். கடன்காரருக்குத் தவணை சொன்னவருக்கு அந்த நான்கு நாள் பொறுமை எங்கிருந்து வரும்? வயல் கரைக்கே லொறியோடு வரும் வியாபாரி ஈர நெல்லுக்குச் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடுவார். ஆகவே விலை அறிவிப்பதைவிட, கிராமத்துக்கு ஒரு களமும் உலர்த்தியும் சின்னக் களஞ்சியமும் தருவேன் என்று சொல்லும் வேட்பாளருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போடுவேன்.

வரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாதம் 2 இலட்சம் சம்பளம் வாங்குபவர்கள் எங்கள் ஊரில் குறைவு. 2 இலட்சம் என்று சொன்ன விலக்கு கடைசியில் 1 இலட்சத்து 50 ஆயிரத்தில் நின்றது. 2023 மார்ச்சில் கிடைத்த 300 கோடி டொலர் நாணய நிதியத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது வருமானத்தைக் குறைக்கும் எதையும் தனியே முடிவெடுக்க முடியாது. இது முன்னமே தெரிந்த விஷயம். அதை மேடையில் சனத்துக்குச் சொல்லியிருக்கலாம்.

சரி, வாக்கு எப்படி விழுந்தது? கிளிநொச்சி நிலத்தால் வன்னி என்றாலும் தேர்தல் கணக்கில் யாழ்ப்பாணத்தோடு சேரும். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 2024 செப்டம்பர் 21 ஆம் திகதி சஜித்தான் முதலாவது. அநுரவுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவுதான் கிடைத்தது. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கும் கணிசமான வாக்கு. நாடு முழுக்க அவருக்கு 2,26,343. அநுரவின் கட்சியான ஜே.வி.பி. போட்ட வழக்கில்தான் 2006 இல் வடக்குக் கிழக்கு இணைப்புச் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதை இங்கே வயதானவர்கள் மறக்கவில்லை. ஆனாலும் இரண்டு மாதம் கழியமுன் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் வன்னியின் 6 ஆசனங்களில் 2 தேசிய மக்கள் சக்திக்குப் போனது. கொள்கை மாறியதால் போட்டார்கள் என்று நான் நம்பவில்லை. எங்கள் கட்சிகள் துண்டு துண்டாக நின்றதில் வந்த வெறுப்பு ஒரு பங்கு. இந்த மனிதன் களவெடுக்கமாட்டான் என்ற நம்பிக்கை இன்னொரு பங்கு.

மாகாண சபைத் தேர்தல் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்ததே ஒரே தடவை, 2013 செப்டம்பரில். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து இன்றுவரை ஆளுநர் ஆட்சி. 2017 இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றமே 2018 இல் நிராகரித்தது, அதோடு சட்டம் நடுவில் தொங்குகிறது. பழைய விகிதாசார முறைக்குப் போகச் சாதாரண பெரும்பான்மை போதும். உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே 6 ஆம் திகதி வைத்தார்கள். மாகாண சபைக்கு ஒரு வருடம் என்ற தவணை அந்த செப்டம்பரோடு கடந்துபோனது.

பயங்கரவாதத் தடைச் சட்டமும் அதே கதைதான். தற்காலிக ஏற்பாடு என்று 1979 இல் கொண்டுவந்த சட்டம். அதில் பிடிபட்டு வருடக் கணக்காக வழக்கு முடியாமல் இருந்தவர்களின் குடும்பங்கள் வன்னியின் எல்லாக் கிராமத்திலும் இருக்கின்றன. அதை நீக்குவேன் என்று அவர் எழுதித் தந்தார். முதல் வருடத்தில் நீக்கவில்லை. பாராளுமன்றத்தில் அவருக்கு 159 பேர் இருக்கிறார்கள், அதற்கு வேண்டியது சாதாரண பெரும்பான்மை. திறைசேரியில் ஒரு சதமும் செலவில்லை, நாணய நிதியத்தின் சம்மதமும் தேவையில்லை. மற்ற எதற்கு அவர் காரணம் சொன்னாலும் நான் கேட்பேன், இதற்கு மட்டும் கேட்கமாட்டேன்.