ஊர்வலம் போய் எந்தப் போர் நின்றது? ராஜபக்சவின் நண்பர்களான பலஸ்தீனர்களுக்காக ஈழத் தமிழர் ஏன் லண்டன் தெருவில் இறங்க வேண்டும்?

லண்டனில் பலஸ்தீன ஊர்வலங்களுக்கு நான் போவதைப் பார்த்து என்னிடம் கேட்கிற இரண்டு கேள்விகள் இவை. இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். என் வீட்டிலேயே சண்டையானது அதுதான்.

மகிந்த ராஜபக்ச இலங்கையில் பலஸ்தீன ஒருமைப்பாட்டுக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். பல வருடம் அதன் தலைவராகவும் இருந்தார். 2014இல் மேற்குக் கரையில் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். முள்ளிவாய்க்கால் முடிந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா டிவியை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்விட்டார். அந்தக் கோபத்தை நான் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் பெயர்ப்பலகை வைத்தவர்கள் பதவியில் இருந்தவர்கள். காஸாவில் கூடாரத்துக்குள் படுத்திருக்கிற பிள்ளைக்கு ராஜபக்ச யாரென்றே தெரியாது.

வன்னியில் இருந்தவர்களிடம் 'கிபிர்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். சத்தம் வந்ததும் சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டுப் பங்கருக்குள் பாய வைத்த விமானம். இலங்கை விமானப்படை அதை வாங்கியது இஸ்ரேலிடம். 2009 தொடக்கத்தில் 'பாதுகாப்பு வலயம்' என்று அரசாங்கம் அறிவித்த இடத்துக்குச் சனம் போனது; ஷெல் அங்கேயே வந்து விழுந்தது. காஸாவிலும் அல்-மவாசிக்குப் போ, அங்கே பாதுகாப்பு என்றார்கள். பிறகு அங்கேயும் குண்டு போட்டார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸ் செய்த கொலைகளை நான் மறக்கவில்லை. கிட்டத்தட்ட 1,200 பேர் செத்தார்கள், பெரும்பாலானோர் பொதுமக்கள். ஆனால் 2009இல் எங்கள் கூட்டத்தில் புலிக்கொடி பறந்ததைக் காட்டி, செத்துக்கொண்டிருந்த சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆயுதம் தூக்கியவன் செய்ததற்குப் பங்கருக்குள் இருந்த குழந்தை எப்படிப் பொறுப்பாகும்? அன்றைக்கு நான் கேட்ட இதே கேள்வியை இன்றைக்கு வேறொருவர் கேட்கும்போது காதைப் பொத்திக்கொள்ள என்னால் முடியாது.

வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி 2009 ஏப்ரல் 6ஆம் திகதி லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் தொடங்கிய எங்கள் போராட்டம் 73 நாள் நடந்தது. நான் அப்போது பல்கலைக்கழக மாணவி. வகுப்பு முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவேன். பெரியம்மா குடும்பம் வன்னிக்குள் இருந்தது, தொடர்பே இல்லை. யாராவது ஒரு வீட்டில் சமைத்துச் சோற்றுப் பார்சல் கொண்டுவருவார்கள். அதே சதுக்கத்தின் ஓரத்தில் பிரையன் ஹா என்ற ஆங்கிலேயர் 2001 ஜூனில் இருந்தே கூடாரம் போட்டிருந்தார். ஈராக் மீதான பொருளாதாரத் தடைகளை எதிர்த்துத் தனி ஆளாக வந்து உட்கார்ந்தவர். பிறகு ஈராக் போரையும் எதிர்த்தார். தொப்பி நிறைய பட்ஜ்கள் குத்தியிருப்பார். 2006இல் அவருடைய பதாகைகளில் பெரும்பகுதியைப் பொலிஸ் அள்ளிக்கொண்டு போனது. அப்படியும் அவர் எழும்பவில்லை.

ஒரு நாள் பின்னேரம் அம்மா அங்கே மாட்டியிருந்த ஒரு குழந்தையின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். தலையில் கட்டுப் போட்ட பிள்ளை. "இது எங்கட பிள்ளையோ?" என்று என்னைக் கேட்டார். ஈராக் பிள்ளை என்று சொன்னேன். அம்மா படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. "அதுக்கும் தாய் இருப்பாள்தானே" என்றார். அப்புறம் கையில் இருந்த பார்சலைக் கூடாரத்தடியில் வைத்துவிட்டு வந்தார்.

எங்களைத் தவிர வேறு யார் எங்களுக்காக வந்தார்கள் என்று எண்ண எனக்கு இரண்டு கை விரல் போதும். அந்தத் தனிமை இன்னும் என் நெஞ்சுக்குள் கிடக்கிறது. பலஸ்தீனத்துக்காக நான் போவதற்குப் பெரிய காரணம் அதுதான்.

சரி, ஊர்வலத்தால் போர் நின்றதா? 2003 பெப்ரவரி 15இல் இதே நகரத்தில் பொலிஸ் கணக்கிலேயே 7.5 லட்சம் பேர் நடந்தார்கள். ஐந்து வாரத்துக்குள் ஈராக்கில் குண்டு விழுந்தது. ஆனால் அந்த நாளை அரசியல்வாதிகள் மறக்கவில்லை. 2013 ஆகஸ்டில் சிரியா மீது தாக்குதல் நடத்த பிரிட்டிஷ் அரசாங்கம் கேட்ட அனுமதியைப் பாராளுமன்றம் 285க்கு 272 என்று தோற்கடித்தது. அன்றைய விவாதம் முழுக்க ஈராக்கின் பெயர் அடிபட்டது. பத்து வருடம் கழித்து வந்த பலன்தான், ஈராக்கில் செத்தவர்களுக்கு உதவாத பலன்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

2023 நவம்பர் 11ஆம் திகதி ஹைட் பார்க்கில் இருந்து அமெரிக்கத் தூதரகம் வரை நடந்தோம். பொலிஸ் கணக்கில் 3 லட்சம் பேர். 1968இல் வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் குரோவ்னர் சதுக்கத்தில் இதே தூதரகத்தின் முன்னால்தான் மோதினார்கள். தூதரகம் 2018இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடம் மாறிவிட்டது, சனமும் அங்கேயே போகிறது. ஒன்பது வயது மகள் மட்டையில் ஒரு வட்டம் போட்டு நடுவில் மூன்று கோடு இழுத்திருந்தாள். 1958இல் ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத எதிர்ப்பு நடைபயணத்துக்காக ஜெரால்ட் ஹோல்டம் வரைந்த சமாதானச் சின்னம் அது. பக்கத்தில் நடந்த வயதான அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, அந்த முதல் நடையில் தான் பள்ளிக்கூடப் பிள்ளையாக நடந்ததாகச் சொன்னார்.

இந்த ஊர்வலங்களில் யூதர்கள் தனி அணியாகவே வருகிறார்கள். ஸ்டீபன் கப்போஸ் என்பவர் புடாபெஸ்டில் சிறுவனாக இருந்து யூதப் படுகொலையில் உயிர் தப்பியவர். எண்பது வயதைத் தாண்டியும் வருகிறார். 2025 ஆகஸ்ட் 9இல் அதே பாராளுமன்றச் சதுக்கத்தில், இஸ்ரேலுக்கு ஆயுதம் செய்யும் நிறுவனங்களை எதிர்த்து இயங்கி, அப்போது தடைசெய்யப்பட்டிருந்த 'பலஸ்தீன் ஆக்‌ஷன்' அமைப்பை ஆதரித்து எழுதிய அட்டைகளோடு பேசாமல் உட்கார்ந்திருந்த 500க்கும் அதிகமானவர்களைப் பொலிஸ் பிடித்தது. ஏறக்குறையப் பாதிப்பேர் 60 வயதுக்கு மேல். எங்கள் சனம் படுத்துக் கிடந்த அதே புல்லில் இருந்து அந்த முதியவர்களைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து அம்மா அழுதார்.

முதல் வருடம் வரமாட்டேன் என்று நின்ற அம்மா இப்போது வருகிறார். முழங்கால் வலி, ஹைட் பார்க்கில் இருந்து நடக்க ஏலாது. வோக்ஸ்ஹால் பாலத்தடியில் பஸ்ஸில் வந்து இறங்கி எங்களுக்காகக் காத்து நிற்பார், பையில் பேத்திக்குச் சாப்பாட்டுப் பார்சலோடு.