விலையை ஏற்றலாம், ஒளிக்கலாமா?

கேள்வி: எதை எடுத்தாலும் விலை ஏறிக்கொண்டே போகிறது. கேட்டால் மூலப்பொருள் விலை கூடிவிட்டது என்கிறார்கள். அதே நிறுவனங்கள் சமூக சேவைக்கு அள்ளிக் கொடுப்பதாக விளம்பரமும் செய்கின்றன. விலை விஷயத்தில் அவர்களுக்குப் பொறுப்பே இல்லையா?

பதில்: நிச்சயமாக உண்டு. நன்கொடையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூலப்பொருளும் எரிபொருளும் கூலியும் ஏறினால் விலை ஏறத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏறிய செலவை யார் சுமப்பது? ஐரோப்பாவில் 2022 முதல் ஏறிய விலையில் கிட்டத்தட்ட பாதி, நிறுவனங்களின் லாபம் கூடியதால் வந்தது என்று சர்வதேச நாணய நிதியம் 2023-ல் கணக்குப் போட்டுச் சொன்னது. செலவு கூடிய காலத்தில் தங்கள் லாபத்தைக் காப்பாற்றிக்கொண்டு, சுமையை வாங்குபவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு யாருடைய சம்பளமும் காப்பாற்றப்படவில்லை.

இதைவிட எனக்குக் கோபம் வருவது சத்தமில்லாமல் அளவைக் குறைப்பதில்தான். 500 கிராம் சோப்புத்தூள் பாக்கெட் 450 கிராம் ஆகிறது. அதே விலை, அதே நிறம், உயரம்கூட மாறாது. உள்ளே காற்றுதான் கூடுதல். 10 சதவீதம்தானே குறைந்தது என்று தோன்றும். ஒரு கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் விலை 11 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கும். விலையை வெளிப்படையாக ஏற்றியிருந்தால், வாங்குவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்திருப்பீர்கள். அந்த வாய்ப்பைப் பறிப்பது ஏமாற்று வேலை என்றே நான் நினைக்கிறேன், அளவு பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தாலும் சரி.

இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. பிரான்சில் 2023-ல் கார்ஃபூர் கடைகள், அளவு குறைந்த பொருட்களின் பக்கத்திலேயே அதைச் சொல்லும் அறிவிப்பை மாட்டின. 2024 ஜூலையிலிருந்து 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் இரண்டு மாதம் அப்படி அறிவிக்க வேண்டும் என்று அங்கே சட்டமே வந்துவிட்டது.

சரி, நாம் என்ன செய்யலாம்? பாக்கெட் விலையை விட்டுவிட்டு கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று பாருங்கள். பெரிய பாக்கெட் மலிவு என்றும் நம்பிவிடாதீர்கள், சில சமயம் சின்னதுதான் லாபம். வழக்கமாக வாங்கும் நாலைந்து பொருட்களின் எடையையும் விலையையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். எடை குறைந்தால் இரண்டு படங்களையும் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்பி, ஏன் முன்பக்கத்தில் சொல்லவில்லை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதே படங்களோடு நுகர்வோர் அமைப்புக்கு எழுதுங்கள்.