சாவி யார் கையில் இருந்தது?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து மனைவியுடன் பைக்கில் ஏற்காடு சென்று, ஏரிக்கு அருகே 1,200 ரூபாய் வாடகையில் ஒரு லாட்ஜில் தங்கினேன். அழுக்குப் போர்வை, வெந்நீர் இல்லை. மேனேஜர் திருமணச் சான்று கேட்டு அவமதித்தார். மற்ற வண்டிகளை நகர்த்த வேண்டும் என்று வாட்ச்மேன் இரவில் சாவியை வாங்கிக்கொண்டார். காலையில் பைக் இல்லை. போலீசில் புகார் கொடுத்துவிட்டேன். ரசீதில் 'வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். லாட்ஜ் உரிமையாளர் 25,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். 3 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: போர்வையையும் வெந்நீரையும் விட்டுவிடுங்கள், மேனேஜரின் பேச்சும் வழக்கைத் தாங்காது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வரி, வாட்ச்மேன் சாவியை வாங்கிக்கொண்டார் என்பது மட்டுமே. தாஜ்மஹால் ஹோட்டல் வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வண்டி ஹோட்டலிடம் ஒப்படைக்கப்பட்டது நிரூபணமானால், தன் பக்கம் அலட்சியம் இல்லை என்று காட்டும் பொறுப்பு ஹோட்டலையே சேரும் என்றும், 'உரிமையாளர் பொறுப்பு' என்ற அச்சு வாசகம் அந்த அலட்சியத்துக்குக் கேடயமாகாது என்றும் கூறியது. சாவி உங்கள் சட்டைப் பையில் இருந்திருந்தால் இத்தீர்ப்பு அவ்வளவு எளிதாக உதவாது. குடியாத்தத்தில் வசிப்பதால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யலாம். கெடு 2 ஆண்டுகள், பேச்சுவார்த்தை நடப்பதால் அது நீளாது.

கட்சிக்காரர்கள் விழுவது வேறு குழியில். இன்சூரன்ஸ் நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும் என்ற பயத்தில், அங்கே 'பூட்டிச் சாவியை நானே வைத்திருந்தேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆணையத்தில் 'வாட்ச்மேனிடம் கொடுத்தேன்' என்பார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால், உண்மை பேசியவரும் பொய்யராகி இரண்டு இடத்திலும் தோற்பார். ஆகவே முதலில் உங்கள் எஃப்.ஐ.ஆரைப் படித்துப் பாருங்கள். அதில் சாவி பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், சிசிடிவி பதிவு அழிவதற்குள் அதைப் பாதுகாத்து வைக்குமாறு லாட்ஜுக்குப் பதிவுத் தபாலில் எழுதி, சாவி கொடுத்ததையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

அடுத்து, பாலிசியை எடுத்துப் பாருங்கள். புது பைக்குடன் கிடைக்கும் 5 ஆண்டு இன்சூரன்ஸ் பெரும்பாலும் மூன்றாம் நபருக்கானது. திருட்டுக்கான சொந்தச் சேதப் பகுதி பல பாலிசிகளில் முதல் ஆண்டோடு முடிந்திருக்கும். அது உயிரோடு இருந்தால், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று லாட்ஜுக்கு எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். பணம் தந்த பின் லாட்ஜிடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உண்டு, அதை நீங்கள் விற்றுவிட்டீர்கள் என்று காரணம் காட்டி அவர்கள் கை விரிக்கலாம்.

காலாவதியாகியிருந்தால், 3 லட்சத்தை மறந்து சமாதானமாகப் போங்கள். வண்டியின் இன்றைய சந்தை விலைக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். அதில் முக்கால் பங்கு கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். 25,000 அதற்கு எவ்வளவு குறைவு என்பது உங்களுக்குத்தான் தெரியும். டிமாண்ட் டிராஃப்ட் கைக்கு வந்த பிறகே கையெழுத்திடுங்கள். அந்தத் தாளில் 'திருட்டு நடக்கவில்லை' என்ற வரி இருந்தால் எவ்வளவு தந்தாலும் கையெழுத்திடக் கூடாது. உங்கள் பெயரில் பதிவான வண்டி இன்னும் எவனோ ஒருவன் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது.