ஒரே ஃபைலுக்குள் மாக் ஏன் எடுபடவில்லை?

கேள்வி: சார், எங்கள் ஊர் ரப்பர் ஷீட் கடைக்கு ஜாவாஸ்கிரிப்டில் பில் போடும் செயலி எழுதுகிறேன். அன்றைய விலையை இணையத்திலிருந்து எடுக்கும் ஃபங்ஷனும், அதைக் கிலோவால் பெருக்கும் ஃபங்ஷனும் ஒரே ஃபைலில் இருக்கின்றன. டெஸ்டில் ஜெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியின் ஸ்பைஆன் போட்டு விலையை 200 என்று மாக் செய்தேன், அதாவது விலை எடுக்கும் ஃபங்ஷனுக்குப் பதில் 200 தரும் போலியை வைத்தேன். 25 கிலோவுக்கு 5,000 வர வேண்டும். வருவதோ அன்றைய சந்தை விலைக் கணக்கு! ஏன்?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: உன் மாக் நன்றாகத்தான் இருக்கிறது மக்ளே, அதை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். எத்தனை முறை கூப்பிடப்பட்டது என்று டெஸ்டில் கேட்டுப் பார், பூஜ்யம் வரும். ஸ்பைஆன் மாற்றுவது அந்த ஃபைல் எக்ஸ்போர்ட் செய்யும், அதாவது வெளி ஃபைல்களுக்குத் தரும், பெயரை மட்டும்தான். பெருக்கும் ஃபங்ஷன் அந்தப் பக்கம் போவதே இல்லை. கூடவே இருக்கும் அசல் ஃபங்ஷனை நேராகக் கூப்பிடுகிறது. அடுக்களையில் நிற்பவர் உள்ளறைக்குப் போக முன்வாசலைச் சுற்றியா வருவார்? நீ ஆளை மாற்றி நிறுத்தியிருப்பது வாசலில்.

விலை எடுக்கும் ஃபங்ஷனைத் தனி ஃபைலுக்கு மாற்றி, பில் ஃபைலில் அதை இம்போர்ட் செய். டெஸ்டில் அந்தத் தனி ஃபைலை ஜெஸ்ட்.மாக் செய்தால் போதும். கோடை மாற்றித் தரும் பேபல் என்ற கருவி வழியாக டெஸ்ட் ஓடினால், அந்த வரியை ஃபங்ஷன்களுக்கு வெளியே நீ எங்கே எழுதினாலும் பேபல் அதை இம்போர்ட்டுகளுக்கு மேலே தூக்கி வைத்துவிடும். ஆனால் வெறுமனே மாக் செய்து விட்டுவிடாதே. மாக் ஆன ஃபங்ஷன் அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லை) என்றுதான் திருப்பித் தரும், 25-ஆல் பெருக்கினால் பில்லில் என்ஏஎன் (எண்ணே அல்ல) என்று விழும். இணையத்திலிருந்து வருவதால் உன் ஃபங்ஷன் பிராமிஸ், அதாவது மதிப்பைப் பிறகு தருகிறேன் என்ற வாக்கு, தருவதாகத்தான் இருக்கும். அதனால், மாக்கையும் பிராமிஸாகவே தரவைக்கும் மாக்ரிசால்வ்ட்வேல்யூ வைத்து 200 கொடு.

ஃபைல் தன்னையே இம்போர்ட் செய்துகொள்ளும் குறுக்குவழி ஒன்றும் உண்டு. வேலை செய்யும்தான், எனக்குப் பிடிக்காது. டெஸ்டுக்காக நிரலைக் கோணலாக்குவானேன்?

என்னைக் கேட்டால், இந்த அளவு செயலிக்கு மாக்கே வேண்டாம். பெருக்கும் ஃபங்ஷனுக்கு விலையை ஆர்கியுமென்டாகக் கொடுத்துவிடு. 25, 200 என்று இரண்டு எண்களைக் கொடுத்து 5,000 வருகிறதா என்று பார்க்க ஒரே வரி போதும், நெட் இல்லாத மலையடிவாரத்திலும் ஓடும். வேறு டெஸ்டுகளில் ஸ்பைஆன் வைத்திருந்தால் ஒவ்வொரு டெஸ்டும் முடிந்தபின் ஓடும் ஆஃப்டர்ஈச்சில், அசலைத் திரும்ப வைக்கும் ரீஸ்டோர்ஆல்மாக்ஸ் போட்டுவிடு. இல்லையென்றால் இந்த 200 அதே ஃபைலின் அடுத்த டெஸ்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும்.